தம்பியின் குறுக்கு வழிக்கு மருந்து

என் தம்பிக்கு ஊரார் போகிற வழியில் போனால் கால் வலிக்கும். கடைத்தெருவுக்கு உப்பு வாங்கப் போனாலும் யார் வீட்டுக் கொல்லைக்குள்ளாவது புகுந்து, அவர்கள் முருங்கை மரத்தைச் சுற்றி, நாய் துரத்த ஓடித்தான் போவான். செஸ் ஆட்டத்திலும் அதே புத்திதான் இருந்தது. அந்தப் புத்தியை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. விருத்தாசலத்தில் எங்கள் வீடு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருந்தது. அப்பாவும் தம்பியும் வேலை பார்த்த பீங்கான் பட்டறை அந்தப் பக்கம். அப்பா சூளைக்குத் தீ போடுகிறவர். தம்பி அச்சுகளில் களிமண் கரைசல் ஊற்றுகிறவன். நான் பள்ளிப் படிப்பை முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தேன். "பொண்ணு பாடுமா?" என்று அவர்கள் கேட்டால், தம்பி கதவோரமாக நின்றுகொண்டு, "பாடாதுங்க. செஸ்ஸு ஆடும். தோத்தா காயை எடுத்து மூஞ்சியிலயே அடிக்கும்" என்பான். படவா. அதற்கு மேல் எந்த மாப்பிள்ளை வீட்டார் உட்காருவார்கள்?

அவன் சொன்னதில் பொய் இல்லை. எனக்குத் தோற்கப் பிடிக்காது. ஒருமுறை அவன் நெற்றியில் யானை பட்டு வீங்கியது. மர யானை இல்லை, பீங்கான் யானை. எங்கள் காய்களை அவனே பட்டறையில் செய்து சூளையில் சுட்டு எடுத்து வந்திருந்தான். சிப்பாய்களுக்கு மட்டும் வீட்டு ஒயரிங்குக்குப் போடும் சின்னப் பீங்கான் கப்பிகளில் விளிம்பு உடைந்து கழிந்தவை. கறுப்புக் காய்களுக்கு ஊறுகாய் ஜாடிக்குப் பூசும் பழுப்பு மெருகைப் பூசியிருந்தான். கறுப்புக் குதிரைகளில் ஒன்று சூளைச் சூட்டில் கழுத்து கோணி, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி வெந்து வந்துவிட்டது. அதைத் தூக்கிப் போடுடா என்றேன். "இருக்கட்டும்க்கா, இதுதான் நம்ம வூட்டு ஆளு" என்றான். பலகைக்குப் பதில் ஒரு கடப்பாக் கல்லில் கட்டம் கீறி வைத்திருந்தோம். கல் மேல் பீங்கானை வைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவன் வைத்துவிட்டுச் சும்மா விடமாட்டான், அரைத் திருகு திருகுவான். 'டக், கர்ர்.' பல் கூசும். வேண்டுமென்றேதான் செய்வான்.

மெட்ராஸ் போன யாரோ பழைய புத்தகக் கடையில் அவனுக்காக வாங்கி வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது, அட்டை இல்லாமல். அவனுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது, எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு வரும். அதனால் நான் படித்துச் சொல்ல வேண்டும், அவன் அதை வைத்தே என்னைத் தோற்கடிப்பான். நல்ல நியாயம்! முதல் அத்தியாயமே ஸ்பானிஷ் ஆட்டம். வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். கறுப்பும் அதையே செய்யும். வெள்ளை ஒரு குதிரையை இறக்கும், கறுப்பும் இறக்கும். அப்புறம் வெள்ளை மந்திரி நீளமாக வந்து கறுப்புக் குதிரையைக் குறிவைத்து நிற்பார். இதற்குக் கறுப்பு சொல்ல வேண்டிய நல்ல பதில்களைப் பெரிய எழுத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். அதிகம் யாரும் ஆடாத பதில்கள் அத்தியாயத்தின் கடைசியில், பொடி எழுத்தில், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி கண்ணை இடுக்கிப் படிக்கும்படி இருந்தன.

அவனுக்கு அந்தப் பொடி எழுத்துதான் வேண்டும். "பெரிய எழுத்த எல்லாரும் படிச்சிருப்பான்க்கா. பொடி எழுத்தப் படி."

எல்லாரும் என்றால் யார்? விருத்தாசலத்தில் எங்கள் வீட்டைத் தவிர யார் ஸ்பானிஷ் ஆட்டம் ஆடினார்கள்? இருந்தாலும் படித்தேன். நான் எப்போதும் வெள்ளை, அவன் எப்போதும் கறுப்பு. அவன் வேலைக்குப் போன பகலில் நான் அந்தப் பொடி எழுத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் அவன் என்ன விஷமம் செய்வான், அதற்கு நான் என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை எகிறிக்கொண்டு தள்ளுவது ஒரு பதில். அதற்கு அவன் வைத்த பெயர் 'சண்டைக் கோழி'. மந்திரியைச் சாதுவாக எதிரே கொண்டுவந்து நிறுத்துவது 'நல்ல புள்ள'. எல்லாவற்றையும் விட அவனுக்குப் பிடித்தது, என் மந்திரி குறிவைத்த அந்தக் குதிரையே ஒன்றும் நடக்காத மாதிரி நடுக்கட்டத்துக்குப் பாய்ந்து வந்து நிற்பது. கோணக் கழுத்துக் குதிரையைத்தான் அந்தப் பக்கம் வைத்திருப்பான். அதன் பெயர் 'குறுக்கு வழி'.

அந்தக் குறுக்கு வழியில் நான் ஒவ்வொரு முறையும் விழுந்தேன். குதிரை நகர்ந்ததும் அதுவரை அது காத்துக்கொண்டிருந்த சிப்பாய் தனியாக நிற்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் கை ஊறும், என் குதிரையால் டக்கென்று வெட்டிவிடுவேன். உடனே அவன் ராணி வெளியே வந்து ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மிரட்டும், என் மந்திரி போய்விடும். "என்னாக்கா, மாட்டிக்கினியா?" என்று காயை அரைத் திருகு திருகுவான்.

அப்பா இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை என்றுதான் நினைத்தோம். சூளை வேலை முடித்து வந்தால் பெஞ்சில் மல்லாந்து, கண் மேல் கையைப் போட்டுக்கொண்டு கிடப்பார். அவருக்கு ஊர்ப்பக்கத்துச் சதுரங்கம் தெரியும். அதில் சிப்பாய் ஆரம்பத்திலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவுக்கு ஆட்டம் முழுக்க ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி பாய உரிமை உண்டு, அதற்குள் யாரும் செக் சொல்லியிருக்கக் கூடாது. முதலில் அவர் இதைச் சொன்னபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "யப்பா, ராஜா என்னா குதிரையா? இது புக்கு ஆட்டம்ப்பா." அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "உங்க ஆட்டமும் நீங்களும்" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

அன்று காலை தம்பி சோற்றுத் தூக்கோடு இறங்கும்போது, "டேய், இன்னைக்கு வா. உன் குறுக்கு வழிக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். முந்தின நாள் பகலில் கண்டுபிடித்தது. அந்த எழவெடுத்த சிப்பாயைத் தொடவே கூடாது என்பதுதான் மருந்து. நடுவில் வந்து நிற்கும் குதிரையை என் குதிரையால் வெட்டிவிட்டு, அவன் திருப்பி வெட்டியதும், ராஜாவைக் கோட்டைக்குள் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். என் மாதிரிக் கோபக்காரிக்குச் சும்மா இருப்பது தோன்ற அத்தனை நாள் ஆனது.

"பாக்கலாம் பாக்கலாம்" என்றான். போய்விட்டான்.

எங்கள் தெருக்காரர்கள் யாரும் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறிப் பட்டறைக்குப் போனதில்லை. யார்டில் கூட்ஸ் வண்டி நின்றால் அதற்கடியில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போவதுதான் வழக்கம். கூடை தூக்கிய பெண்கள் போவார்கள், வெள்ளை வேட்டிக் கணக்கர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு போவார்கள். இஞ்சின் கூவினால் வண்டி நகரும், கூவாவிட்டால் நகராது என்று எல்லோருக்கும் ஒரு தைரியம். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அப்பா முதலில் நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். தம்பி பின்னால் குனிந்தான். அந்த நேரம் வண்டியின் மறுகோடியில் இன்னொரு இஞ்சினைக் கொண்டுவந்து கோர்த்தார்கள். கோர்ப்பதற்கு யாரும் கூவுவதில்லை. ஒரு பெட்டி அடுத்த பெட்டியை இடிக்க, அந்த இடி டடக் டடக் என்று பெட்டி பெட்டியாக ஓடி வந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

மணிமுத்தாற்றில் அஸ்தியைக் கரைத்தோம். காரியம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். வீடு மட்டும் அவன் இல்லாததை ஒத்துக்கொள்ளவில்லை. களிமண் கையோடு அவன் நிலைப்படியைப் பிடித்து நின்ற வெள்ளைக் கைத்தடம் அப்படியே இருந்தது. அம்மா அதைத் துடைக்க விடவில்லை. சாயங்காலம் ஆனால் கதவுப்பக்கம் செருப்பை உதறுகிற சத்தம் எனக்குக் கேட்கும். அம்மாவுக்கும் கேட்கும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். கேட்டதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

அப்பா பேச்சை விட்டார். வேலைக்குப் போகவில்லை. பகலெல்லாம் பெஞ்சில் கண் மேல் கையைப் போட்டுக் கிடப்பார். பொழுது சாய்ந்து கூட்ஸ் வருகிற நேரத்துக்கு மட்டும் எழுந்து, யார்டுக்குப் போய், நிற்கும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பார். வண்டி கிளம்பிப் போனபின் திரும்பி வருவார். "ஒரு நாளு உங்கப்பா அங்கியே குனிஞ்சிடுவாருடி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கை அடுப்புப் பக்கத்தில் இருந்தும் ஜில்லென்று இருந்தது.

ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் கடப்பாக் கல்லை எடுத்துவைத்தேன். அவன் இடம் காலியாக இருக்க, இரண்டு பக்கமும் நானே ஆடினேன். வெள்ளைச் சிப்பாய், கறுப்புச் சிப்பாய். வெள்ளைக் குதிரை, கறுப்புக் குதிரை. மந்திரியைக் கொண்டுபோய் வைத்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வர உள்ளே ஓடினேன்.

பாலை இறக்கும்போது கூடத்திலிருந்து கேட்டது. டக். கர்ர்.

பால் சட்டி கையில் சுட்டது தெரியவில்லை. அம்மா கொல்லையில் இருந்தாள். நான் மெதுவாக வந்து பார்த்தேன். கோணக் கழுத்துக் குதிரை நடுக்கட்டத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணம் அவன் வந்துவிட்டான் என்றுதான் நம்பினேன். பயப்படவில்லை. சந்தோஷமாக இருந்தது. 'வந்துட்டியாடா' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பெஞ்சு காலியாக இருந்தது. அப்பா தம்பியின் இடத்தில், ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் மேல் கையைப் போட்டுக்கொண்டு கிடந்த அத்தனை வருஷமும் அவர் கைக்கு அடியால் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்! அடப்பாவி மனுஷா என்று இருந்தது. எதிரே உட்கார்ந்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, பழைய பழக்கத்தில் அந்தச் சிப்பாயை வெட்டினேன். அவர் தம்பியைப் போலவே ராணியை வெளியே கொண்டுவந்து அரைத் திருகு திருகினார். என் மந்திரி போயிற்று. கூட்ஸ் வந்தது. டடக் டடக் என்று அது இடித்துக்கொண்டபோது அப்பா உடம்பு ஒருமுறை குலுங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அம்மா கொல்லைக் கதவில் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாள் எனக்கு என்ன தோன்றியதோ, நான் அதுவரை ஆடாத ஒரு இடத்துக்கு மந்திரியைப் பின்னுக்கு இழுத்தேன். அப்பா கை காற்றில் நின்றுவிட்டது. ராணியைத் தொட்டார், விட்டார், சிப்பாயைத் தொட்டார். தம்பி இந்த இடத்துக்கு வந்ததே இல்லை, அதனால் அவருக்கு ஆட்டம் இல்லை. எழுந்தார். செருப்பு கூடப் போடாமல் இறங்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். யார்டில் அவர் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் கையை ஊன்றி, குனிந்து, சக்கரங்களுக்கு நடுவே அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரோ நிற்கிறதுபோலப் பார்த்தார். "யப்பா, வா, ஆட்டம் பாதியில நிக்குது" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அதற்கு வந்தார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்துபோனது. தம்பி நடந்த தடத்தை விட்டு ஆட்டம் விலகினால் அப்பா யார்டுக்குப் போய்விடுவார். தடத்திலேயே போனால் வீட்டில் இருப்பார்.

அப்புறம் நான் செய்த தயாரிப்பை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. பகலெல்லாம் உட்கார்ந்து தம்பி ஆடிய ஆட்டங்களை ஞாபகத்திலிருந்து தோண்டி எடுத்தேன். சண்டைக் கோழிக்கு நான் என்னென்ன ஆடினேன், எங்கே சொதப்பினேன். நல்ல புள்ளைக்கு எந்த இடத்தில் யானையைக் கோட்டை விட்டேன். முன்பெல்லாம் ஜெயிப்பதற்குப் படித்தேன். இப்போது தோற்ற ஆட்டங்களை அச்சுப் பிசகாமல் மறுபடி தோற்பதற்குப் படித்தேன். ஒரு காய் மாறினால் அப்பா எழுந்துவிடுவார். தோற்கப் பிடிக்காத கழுதை நான், சாயங்காலம் சாயங்காலம் அதே குழியில் தெரிந்தே விழுந்தேன். விழுந்துவிட்டு உள்ளே போய் அழுதேன். அழுகை தம்பிக்காகவா ஆட்டத்துக்காகவா என்று எனக்கே தெரியாது.

அப்பாவுக்கு முகம் தெளிந்து வந்தது. சாப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் என் மந்திரியை வெட்டி எடுத்துவிட்டு, அத்தனை மாதத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"என்னாக்கா, மாட்டிக்கினியா?"

உள்ளேயிருந்து அம்மா, "பேசிட்டாரு! பேசிட்டாருடி!" என்று ஓடி வந்தாள். பிறகுதான் என்ன பேசினார் என்பது அவளுக்கு உறைத்தது. குரல் அப்பாவின் குரல்தான். ஆனால் அந்த இழுப்பு, கடைசியில் அந்தச் சின்னச் சிரிப்பு, அது அவனுடையது. பயந்தேன். அதைவிட வெட்கக்கேடு, எனக்கு இனித்தது. மறுபடி ஒருதரம் கூப்பிடமாட்டாரா என்று இருந்தது. மறுநாள் மந்திரியைக் கொஞ்சம் சீக்கிரமாகவே பறிகொடுத்தேன். கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு கல்லை விட்டு எழுந்தபின்னும் அது அவரை விடவில்லை. தம்பி உதறுகிற மாதிரிச் செருப்பை உதறினார். தம்பி சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார், தோளில் இறுகியது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து, "யம்மோவ், தண்ணி குடு" என்றார். அம்மா கையிலிருந்து சொம்பு விழுந்தது. எங்கள் அப்பா அம்மாவை 'இந்தா' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"அந்த எழவு ஆட்டத்த நிறுத்துடி" என்று அம்மா கொல்லையில் என்னைப் பிடித்து உலுக்கினாள். "புள்ளயத்தான் ரயிலு எடுத்துக்கிச்சு. புருஷனப் புள்ளயே எடுத்துக்கினு போவுது. நிறுத்துடி."

"நிறுத்துனா யார்டுக்குப் போவாரும்மா."

"அப்ப நான் என்னாதான் செய்யிறது? சொல்லு, நீதான பெரிய ஆட்டக்காரி!"

ஆடினால் அப்பா மெல்ல மெல்லக் கரைந்து தம்பியாகிவிடுவார். ஆடாவிட்டால் சக்கரங்களுக்கு நடுவே குனிவார். அன்று பகல் முழுக்க நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. காய்களை மட்டும் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தேன். என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவனுக்காக வைத்திருந்து, அவனுக்குக் காட்டாமல் போன அந்த மருந்து.

சாயங்காலம் அம்மாவிடம், "வாசக்கதவச் சாத்தி நாதாங்கி போடு" என்றேன்.

சிப்பாய், சிப்பாய், குதிரை, குதிரை, மந்திரி. கோணக் கழுத்துக் குதிரை நடுவில் வந்து நின்றது. டக், கர்ர். அப்பா தம்பியின் சிரிப்போடு என்னைப் பார்த்தார், நான் சிப்பாயைத் தின்னப்போகிறேன் என்று. நான் என் குதிரையால் அந்தக் குதிரையை வெட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. திருப்பி வெட்டினார், அதை யாரும் செய்வார்கள். நான் ராஜாவைக் கோட்டைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கை எழவே இல்லை. தூரத்தில் கூட்ஸ் யார்டுக்குள் வருகிற சத்தம் கேட்டது. அவர் தலை வாசல் பக்கம் திரும்பியது.

"யப்பா," என்றேன், "இதுதான் அன்னைக்கு அவனுக்கு வச்சிருந்த மருந்து."

"தெரியும்" என்றார்.

அது அப்பாவின் குரல். சூளைப் புகை தின்ற கரகரத்த குரல், எனக்கு மறந்தே போயிருந்தது.

"வழியெல்லாம் அதத்தான் பேசிக்கிட்டு வந்தான்" என்றார் கல்லைப் பார்த்தபடி. "அக்கா குதிரைய வெட்டும்ப்பா, வெட்டிட்டுக் கோட்ட கட்டிக்கும், அது ஒண்ணுதான் அதுக்கு வழி, அதுக்கும் நான் ஒண்ணு வச்சிருக்கேன்னான். நான் வண்டிக்கு அடியில பூந்து வந்துட்டேன். என்னாடா வச்சிருக்க, வா, வந்து சொல்லுன்னேன். நான்தான் வான்னேன். குனிஞ்சான்."

அம்மா சாத்திய கதவிலேயே சாய்ந்து அப்படியே சரிந்தாள்.

"என்னா வச்சிருந்தான்னு தெரியல பாப்பா. தெனம் போயி அங்க குனிஞ்சு பாக்கறேன். சொல்ல மாட்டேன்றான்."

யார்டில் இஞ்சினைக் கோர்த்தார்கள். டடக், டடக், டடக் என்று அந்த இடி எங்கள் தெரு வரைக்கும் ஓடி வந்தது. அப்பா இரண்டு கையாலும் கடப்பாக் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் காய்கள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடின. எழுந்திருப்பார், கதவை உடைத்துக்கொண்டு ஓடுவார் என்று நான் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் ஓய்ந்தது. அவர் வலது கையை எடுத்து, தன் ராஜாவைத் தூக்கி, சிப்பாய் வரிசைக்கு மேலாகத் தாண்டி, குதிரை மாதிரி, வெட்டவெளியில் கொண்டுபோய் வைத்தார். திருகவில்லை. டக் என்று வைத்தார், அவ்வளவுதான்.

என் புத்தி எங்கே போகும்? "யப்பா, அது செல்லாது" என்றேன்.

"ஏன் செல்லாது?" அப்பாவுக்குக் கோபம் வந்தது. என் அப்பாவின் சொந்தக் கோபம், மூக்கு விடைத்துக்கொண்டு வருவது. "எங்க ஆட்டத்துல ராஜாவுக்கு ஒரு தடவ பாய்ச்சல் உண்டு. நீ இன்னும் செக்கு சொல்லல. செல்லாதுன்னு சொல்ல நீ யாரு? புக்கு எழுதுனவளா? ஆடு பாப்பா."

அந்த ராஜா நின்ற இடத்தில் என் ஒரு சிப்பாயை முன்னால் தள்ளினால் போதும், அடுத்த கணமே செக். தள்ளினேன். "செக்குப்பா" என்றேன். அவர் தாடையைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். முகமெல்லாம் தண்ணீராக ஓடியது. அதைத் துடைக்காமல் யோசித்துக்கொண்டே இருந்தார். தரையில் கிடந்த அம்மா அழுதபடியே, "நல்லா யோசிச்சு ஆடுங்க" என்றாள். அன்று நான் ஜெயித்தேன். அப்பா ரொம்ப மோசமாக ஆடினார்.

கொஞ்ச நாளில் அவர் வேலைக்குப் போனார், மேம்பாலம் ஏறி, சுற்றிக்கொண்டு. தம்பி சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தோம். எழுபதுகளில் எனக்குக் கல்யாணமாகித் திட்டக்குடிக்குப் போகும்வரை சாயங்காலங்களில் அப்பாவின் ராஜா என்னை எதிர்த்து அந்த ஒரு பாய்ச்சலைப் பாய்ந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் எங்கெங்கோ வேறு புத்தகங்களைப் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் கறுப்பு ஆட ஏகப்பட்ட பதில்கள் போட்டிருக்கிறார்கள், பெரிய எழுத்திலும் பொடி எழுத்திலும். அதில் எது அவனுடையது என்று இன்றைக்கும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன். கோணக் கழுத்துக் குதிரை வெட்டுப்பட்டுக் கல்லுக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும், கேட்டால் சொல்லிவிடும்போல.

அன்று அப்பாவை மீட்டுக்கொண்டேன் என்று அம்மா சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். மீட்டேன்தான். நான் ஒருத்தி, அவன் ஒருத்தன், வேறு கூடப் பிறந்தவர்கள் எங்களுக்கு இல்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிட வீட்டில் யாரும் இல்லை.